மூடினால் நின்றுவிடும் பெட்டி

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. ஆனால் செத்துப்போன ஒருத்தியின் உடைகளைப் போட்டு வளர்ந்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நான் கம்ப்யூட்டர் கட்டிய கதை யாருக்கும் விளங்காது.

மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், நாங்கள் குடியிருந்தோம். அக்காவுக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு. ஒருநாள் இரவு அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. விடிவதற்குள் போய்விட்டாள். எங்கள் குடும்ப வழக்கப்படி, கல்யாணம் ஆகாமல் போகிற பெண் வீட்டுச்சாமி ஆகிவிடுகிறாள். தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை அவளுக்குப் புதுத்துணி எடுத்து, படையல் போட்டு, துணியை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். அதற்குள் ஏற்கனவே இருக்கிற போன வருஷத்துத் துணியை வீட்டில் உள்ள பெண்பிள்ளை உடுத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் இருந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான்.

பெட்டி தகரத்தில் செய்தது. பச்சைப் பெயிண்ட் அடித்து, மூடியில் ரோஜாப்பூ வரைந்திருக்கும். மடியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் அளவு. அக்கா உயிரோடு இருந்தபோது அதில் வளையலும் ரிப்பனும் சின்னச் சின்னப் பொம்மைகளும் வைத்திருந்தாள். என்னைத் தொடவிட மாட்டாள். செத்த பிறகும் தொடவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாமி பெட்டியைத் திறக்க அம்மாவுக்கு மட்டும்தான் உரிமை.

இதில் என்னை இன்றைக்கும் உலுக்குகிற விஷயம் வேறு. அம்மா ஒவ்வொரு வருஷமும் ஓர் அளவு பெரிதாகத் துணி எடுத்தாள். துணிக்கடைக்காரர் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்பார். அம்மா கொஞ்சமும் தயங்காமல், "பத்து முடிஞ்சு பதினொண்ணு நடக்குது," என்பாள். மறு வருஷம் பதினொன்று முடிந்திருக்கும். கடைக்காரர் நான்தான் அந்தப் பிள்ளை என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு வருஷம் அம்மா தாவணி எடுத்தாள். செத்துப்போன அக்கா எனக்கு முன்னால் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் சேலை.

அவளுக்குப் புதுசு, எனக்குப் பழசு. எல்லாமே தோளில் தொளதொளவென்று தொங்கும். கற்பூர வாசனை எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்னைக் கோயில் என்றே கூப்பிட்டாள். எனக்கு அக்காமேல் பயம் இருந்ததில்லை. பொறாமைதான் இருந்தது. செத்தவள்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலமான வேலை என்று தெரிந்தும் பொறாமைப்பட்டேன்.

தோட்டத்தை விற்றார்கள். ரப்பர்ப் பால் மரங்களைச் சாய்த்து எண்ணெய்ப் பனை நட்டார்கள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனுக்கு ஈப்போவில் லோரி ஓட்டுகிற வேலை கிடைத்ததால் குனோங் ராபாட்டில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்று செங்குத்தாக நிற்கும். காலை வெயில் அதைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வர நேரமாகும். லயத்திலிருந்து வந்த சாமான்களில் அம்மா தன் கையிலேயே தூக்கி வந்தது அந்தப் பெட்டி ஒன்றைத்தான்.

நான் கமுந்திங்கில் ஒரு எலக்ட்ரோனிக்ஸ் கம்பெனிக்கு, அங்கேயே தங்கி வேலை பார்க்கப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை ஒட்டிவைத்துக்கொண்டு, மயிரைவிட மெல்லிய கம்பியைச் சிலிக்கன் சில்லில் ஒட்டுகிற வேலை. அங்கே அவ்வப்போது பெண்களுக்குப் பேய் பிடிக்கும். ஒருத்தி அலறினால் போதும், அடுத்த வரிசையும் அலறத் தொடங்கிவிடும். போமோ என்கிற மலாய் மந்திரவாதி வந்து தண்ணீர் தெளித்து மந்திரம் சொல்லிவிட்டுப் போவார். என்னை மட்டும் ஒருநாளும் எதுவும் பிடித்ததில்லை. என் பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்த் தோழி ஒருநாள் தன் மொழியில் சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "உன்கிட்ட ஏற்கனவே ஒருத்தி இருக்கா. இடமில்லாததால வேற எதுவும் வரல." அவளிடம் நான் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அதற்கப்புறம் பல நாள் நான் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகினேன்.

பிறகு வேலை மந்தமாகி, கம்பெனி கூட்டம் கூட்டமாக ஆட்களை நிறுத்தியது. நானும் பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ஆயர் தாவாரில் மாமா மகன் ஒருவர் பனைத்தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தார். வாட்டசாட்டமான மனிதர். வாயைத் திறந்தால் பனங்குலையைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அவரைக் கட்டிக்கொண்டு மறுபடியும் தோட்டத்துக்கே போவதை நினைத்தாலே எனக்கு மூச்சடைத்தது.

ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் டைப்பிங் ஸ்கூல் நடத்திய அம்மையார் ஒருவர் எனக்கு ஒரு வழி காட்டினார். "இப்ப எல்லாரும் கம்ப்யூட்டர் கிளாஸ் இருக்கான்னு கேக்குறாங்க. மெஷின் வாங்க எனக்கு முடியாது. நீ மெஷின் கொண்டு வா, நீதான் டீச்சர்," என்றார். ஒரே ஒரு நிபந்தனை. மாடியில் அடிக்கடி திருட்டு நடப்பதால் மெஷினை அங்கே விட்டுவிட்டு வர முடியாது. தினமும் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். அதாவது அண்ணனின் மோட்டார் சைக்கிளில் கட்டுகிற அளவில் இருக்க வேண்டும், மழைக்கு மூடியிருக்க வேண்டும். அது நடந்தால் டீச்சர். நடக்காவிட்டால் பனங்குலை.

அந்தக் காலத்தில் ஈப்போவின் சீனர் கடைகளில், அமெரிக்க மெஷின் ஒன்றைப் பார்த்துத் தைவானில் செய்த நகல் போர்டுகள் தனித்தனியாகக் கிடைத்தன. போர்டு, சில்லுகள், மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை, கீபோர்டு, வட்டுப் போடுகிற டிரைவ் என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்தேன். கம்பி ஒட்டிப் பழகிய கைக்குச் சால்டரிங் விளையாட்டு மாதிரி. சாப்பாட்டு மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பி இணைத்து, வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் செருகினேன். வேலை செய்தது. ஆனால் அதற்கென்று கடையில் விற்ற பிளாஸ்டிக் கூடு கல்யாணப் பானை அளவுக்கு இருந்தது. மோட்டார் சைக்கிளில் அதை வைத்தால் நான் நடந்துதான் வர வேண்டும். பிஸ்கட் டின்னில் வைத்துப் பார்த்தேன், போர்டு நுழையவில்லை. பலகையில் பெட்டி செய்தேன், அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள கல்லு கட்டியிருக்கியா?" என்று கேட்டார்.

அம்மா இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் நான் எழுந்து வந்து பார்க்கிறேன், மேசைமேல் பச்சைப் பெட்டி திறந்து கிடக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. அதிலிருந்த சேலையைச் சாமி மேடையில் மடித்து வைத்திருந்தாள்.

"இதுல வச்சுப் பாரு. சரியா இருக்கும்," என்றாள்.

அண்ணன் பதறினார். "ஒனக்கு என்னம்மா ஆச்சு? சாமி பெட்டிலா அது! வயரு கியரெல்லாம் போட்டு..."

"அவளும் எத்தன வருஷத்துக்கு வீட்டுக்குள்ளயே இருப்பா? இவகூட வேலைக்குப் போயிட்டு வரட்டும்," என்றாள் அம்மா.

அம்மா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் கணக்கில் அக்கா பாவாடை கட்டி, தாவணி போட்டு, சேலை உடுத்தி வளர்ந்து நின்றாள். இப்போது வேலைக்குப் போகிற வயது. இத்தனை வருஷமாக நான் வெறும் சடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்ததை அம்மா பிள்ளை வளர்ப்பாகவே செய்து வந்திருக்கிறாள்.

"ஒண்ணு மட்டும். பெட்டியில ஓட்ட போடக்கூடாது. ஓட்ட போட்டா அவ போயிருவா," என்றாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போர்டை உள்ளே வைத்துப் பார்த்தபோது அளவெடுத்துச் செய்தது மாதிரிப் பொருந்தியது. தகரத்தில் பட்டால் எல்லாம் கருகிவிடும் என்பதால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் விரித்தேன். பவர் சப்ளையை ஓரமாக நிமிர்த்தி வைத்தேன். டிரைவை அதற்குமேல் குறுக்கே படுக்க வைத்து, அதன் வாயை மட்டும் பெட்டி மூடியின் இடுக்குப் பக்கம் திருப்பினேன். ஒரு மூலையில் துருப்பிடித்து ஏற்கனவே ஒரு பொத்தல் இருந்தது. கீபோர்டுக்கும் டிவிக்கும் மின்சாரத்துக்கும் போகிற வயர்களை அதன் வழியாக வெளியே இழுத்தேன். பெட்டிக்குள் ஒரு விரல் நுழைய இடமில்லை. மூடியை அழுத்தினால்தான் கொக்கி மாட்டும். எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. கம்பெனியில் நான் ஒட்டிய லட்சக்கணக்கான சில்லுகள் எந்த ஊரில் எதற்குள் போயின என்று எனக்குத் தெரியாது. இது நான் கட்டியது.

மத்தியானம் சோறு ஆக்கி முடித்துவிட்டு அம்மா வந்து உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து வைத்தபடியே சுவிட்சைப் போட்டேன். டிவியில் ஒரு சின்னச் சதுரம் மினுக் மினுக்கென்று மின்னியது.

"யாரு கண்ணச் சிமிட்டுறது?" என்று கேட்டாள்.

"எழுதச் சொல்லிக் காத்திருக்கும்மா."

"அப்ப அவ பேர எழுது."

எழுதினேன். ஒரு தடவை வந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஆனாலும் திரைக்குப் பக்கத்தில் வந்து, "இதுவா?" என்று விரலால் தொட்டாள். "இன்னொரு தடவ," என்றாள். நான் எழுதினேன். "இன்னொரு தடவ." அலுத்துப்போய், நிறுத்தச் சொல்கிறவரை அந்தப் பெயரையே எழுதிக்கொண்டிருக்கும்படி மெஷினுக்கு இரண்டே வரியில் ஒரு கட்டளை கொடுத்தேன். அக்காவின் பெயர் திரையின் அடியிலிருந்து மேலே மேலே ஓடத் தொடங்கியது. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். வெள்ளிக்கிழமைப் படையலில்கூட "அம்மாடி" என்றுதான் அவளைக் கூப்பிடுவோம்.

நான் மூடியை இறக்கிக் கொக்கியை மாட்டினேன். பெயர் ஓடியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருந்தாள். அவளுக்குக் காப்பி போட்டுக்கொண்டு நான் திரும்பி வந்தபோது திரையில் ஏதோ ஆகியிருந்தது. பெயரின் நடுவே ஓர் எழுத்து மாறியது. பிறகு இரண்டு. கொஞ்ச நேரத்தில் கேள்விக்குறியும் கட்டமும் கோடுமாகச் சிதறி, ஒரு நடுக்கம் நடுங்கி, அப்படியே நின்றுவிட்டது.

"மூச்சு முட்டுதுடி அவளுக்கு!"

அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கொக்கியை வெடுக்கென்று கழற்றி மூடியைத் திறந்தாள். உள்ளே அடைந்திருந்த வெக்கை எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. பழைய கற்பூர வாசனையும் அதோடு வந்தது. பேய் நம்பிக்கை இல்லாத நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சூடும்மா. சில்லெல்லாம் சூடாயிருச்சு. காத்துப் போக வழி இல்ல, அதான்," என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள் அம்மா.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா செத்த இரவைப் பற்றி அதுவரை எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. இழுப்பு வந்தது, போய்விட்டாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னையும் அண்ணனையும் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். பலகைச் சந்து வழியாக வந்த சாம்பிராணிப் புகை மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது.

"ஒங்கப்பா மருந்து குடுக்குற டிரெஸ்ஸரக் கூப்பிட தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாரு," என்று அம்மா சொல்லத் தொடங்கினாள். "சாயந்தரம், காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்து ஆலமரத்துக்கிட்ட வெளையாடினா, அங்கதான் காத்து கருப்பு பட்டிருச்சுன்னு லயத்துல எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பினேன். வேற எந்தப் பேயும் உள்ள வந்திரக் கூடாதுன்னு கதவச் சாத்தினேன். ஜன்னலச் சாத்தினேன். பலகைச் சந்துலயெல்லாம் துணிய வச்சு அடைச்சேன். சட்டி நெறையச் சாம்பிராணி போட்டேன். அம்மா, ஜன்னலத் தொறம்மான்னு கேட்டா. கேட்டுக்கிட்டே இருந்தா. அவ கேக்கல, அவ மேல இருக்கிறது கேக்குதுன்னு சொன்னாங்க. தொறந்தா போச்சுன்னாங்க. நான் இன்னும் ரெண்டு கரண்டி போட்டேன்."

அம்மாவைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிக் கட்டிப் பிடிக்கிற பழக்கமில்லை. நான் மெஷினை அணைத்துவிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தேன். "நான் எல்லாத்தையும் வெளிய எடுத்துர்றேன்மா. வேற பெட்டி பாத்துக்குறேன். கிடைக்கலன்னா பரவால்ல, ஆயர் தாவாருக்கே போலாம்," என்றேன். அந்த நேரத்தில் அது உண்மையான பேச்சு. அந்தப் பெட்டியை இனித் தொடக்கூட எனக்குத் தெம்பில்லை.

"வெளிய எடு," என்றாள் அம்மா. "ஆனா வேற பெட்டி வேணாம்."

நான் போர்டையும் மற்றதையும் கழற்றி எடுக்கும்வரை காத்திருந்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய்ச் சுத்தியலும் ஆணியும் ஒரு விறகுக் கட்டையும் கொண்டுவந்தாள். தோட்டத்து நர்சரியில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற மண்ணெண்ணெய் டின்னில் ஓட்டை போட்டுப் பூவாளி செய்வார்கள். அம்மா கல்யாணத்துக்கு முன்பு அந்த வேலைதான் பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்து, கட்டையை உள்ளே முட்டுக் கொடுத்து, ஆணியை வைத்து ஓங்கி அடித்தாள்.

"ஓட்ட போட்டா போயிருவான்னு நீதானம்மா சொன்ன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது.

"போறதுன்னா போவட்டும்," என்றாள்.

ஒவ்வோர் அடிக்கும் ஒருவரைத் திட்டினாள். காத்து கருப்பு என்று சொன்னவர்களைத் திட்டினாள். தாமதமாக வந்த டிரெஸ்ஸரைத் திட்டினாள். வேகமாக ஓடத் தெரியாத அப்பாவைத் திட்டினாள். அதற்கப்புறம் பெயர் சொல்லாமல் ஒருத்தியை, சண்டாளி, பாவி, பெத்த பிள்ளையோட மூச்ச அடைச்சவளே என்று திட்டிக்கொண்டே போனாள். அது யாரை என்று கேட்க வேண்டிய தேவை இல்லை. பாதியில் அண்ணன் வேலை முடிந்து வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா பெட்டியின் இரண்டு பக்கமும் முடித்துவிட்டுத்தான் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

சீனர் கடையில் பழுதான போட்டோஸ்டாட் மெஷினிலிருந்து கழற்றிய சின்ன விசிறி ஒன்று கிடைத்தது. அதைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் ஓட்டைகளுக்கு நேராக உட்புறம் பொருத்தினேன். ஓட்டைகளின் கூர் விளிம்பை அரத்தால் தேய்த்து, தகரத் தூள் ஒன்றுகூட உள்ளே இல்லாமல் ஈரத்துணியால் துடைத்தேன். டிரைவைக் கொஞ்சம் நகர்த்தி விசிறிக்கு இடம் செய்து, எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினேன். அந்த மெஷினைத்தான் பிறகு நான் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு டைப்பிங் ஸ்கூல் மாடிக்குப் போனேன். டீச்சர் ஆனேன். மாமா மகன் வேறு நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொண்டார். ஆனால் எனக்கு அந்தப் பெட்டி என்றதும் நினைவுக்கு வருவது வகுப்பு இல்லை. விசிறி வைத்தபின் அதை முதன்முதலாக மூடி ஓட்டிப் பார்த்த மத்தியானம்தான்.

மழை வரப்போகிற மாதிரி குன்று கறுத்திருந்தது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். நான் கொக்கியை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். அம்மா கேட்கவில்லை. நானாகவே அக்காவின் பெயரை எழுதி ஓடவிட்டேன். ஓடியது. அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, விசிறிக் காற்று வெளியே வருகிற ஓட்டைகளின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"வருது," என்றாள். "வெதுவெதுன்னு வருது."

பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. ஓர் எழுத்தும் சிதறவில்லை. வெளியே மழை பிடித்து, கொட்டி, ஓய்ந்தது. அப்போதும் ஓடியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவளை எப்படி நிறுத்தப் போகிறேன் என்ற பயம்தான் வந்தது. சுவிட்சை அணைத்தால் அம்மாவின் கைக்குக் கீழே காற்று நின்றுவிடும். அதை அம்மா தாங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அணைக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அம்மாதான் சொன்னாள். "போதும். அணைச்சிரு. அவ ஓய்வு எடுக்கட்டும்."

அணைத்தேன். திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. விசிறி கொஞ்ச நேரம் சுற்றி, மெதுவாகி நின்றது. அம்மா கையை எடுக்கவில்லை. நான் வயரைச் சுருட்டப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். பெட்டிக்குள்ளிருந்து இன்னும் சூடு வந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு என்னைய அவகூட இருக்க விடலடி," என்றாள். "ஒடம்புல சூடு இருக்கையிலேயே புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. ஆறுற வரைக்கும் கூட இருக்கேன்னு எவ்வளவோ கேட்டேன்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தகரம் ஆறுவதற்கு வெகுநேரம் ஆனது. முழுக்கச் சில்லிட்ட பிறகுதான் அம்மா கையை எடுத்தாள்.